மடங்கு மேல் மடங்கு வந்தால் பெருக்கலா, கூட்டலா? உங்கள் மேசையில் நடந்த சண்டையைச் சொல்லுங்கள்

ஈட்டிக்காரன் (கோ.புதூர்):
டி அண்ட் டி (பகடை உருட்டி ஆளாளுக்கு ஒரு வீரனாக ஆடும் கதை விளையாட்டு), 3.5 பதிப்பு. சித்திரைத் திருவிழா லீவில் மாடியறையில் ஆடினோம். குதிரையில் பாய்ந்து லான்ஸால் (நீள ஈட்டி) குத்தினேன். ஸ்பிரிட்டட் சார்ஜ் என்ற திறமை இருந்ததால் சேதம் மூன்று மடங்கு. பகடையில் 20 விழுந்தது, உறுதி செய்யும் வீச்சும் பட்டது. இப்படி விழும் அடிதான் கிரிட்டிக்கல், லான்ஸில் அதற்குத் தனியாக இன்னொரு மூன்று மடங்கு. எதிரே ஹில் ஜயன்ட் என்ற அரக்கன், 102 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). குத்துக்கு 12 வைத்தாலும் 108, ஆள் காலி! எல்லாரும் எழுந்து நின்று கத்துகிறார்கள், டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு "அஞ்சு மடங்குதான் தம்பி" என்றார். வெறும் 60. அடுத்த அடியில் என் குதிரை போச்சு. மூணு மூணு ஒன்பது இல்லையா?

பழைய புத்தகம் (திருநகர்):
டிஎம் சொன்னதுதான் சரி. அந்தப் பதிப்பில் முதல் மடங்கை அப்படியே வைத்து, அடுத்ததில் ஒன்றைக் கழித்துக் கூட்டணும்: 3 + 2. இரண்டு இரட்டிப்பு சேர்ந்தால் மூன்றுதான். இன்னொன்று, 12ஐ ஐந்தால் பெருக்குவதும் தப்பு. சேதப் பகடையை ஐந்து முறை உருட்டிக் கூட்டணும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதே கணக்கைத் தூரத்துக்கும் போட்டு ஒரு மணி நேரம் வாதாடினார். தூரம், எடை என்றால் சாதாரணப் பெருக்கல், இரட்டிப்பு இரண்டு என்றால் நான்கு. அதுவும் அதே விதியிலேயே இருக்கிறது, யாரும் கடைசி வரை படிப்பதில்லை.

நரிமேட்டு மருமகள்:
எங்கள் வீட்டில் ஸ்க்ராபிள், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் வைத்துச் சொல் அமைக்கும் ஆட்டம். மேல் ஓரத்தில் அத்தை எட்டெழுத்துச் சொல் வைத்தார், இரண்டு முனையும் மூன்று மடங்குக் கட்டம். கையிலிருந்த ஏழும் காலி. "ஆறு மடங்கு" என்று கொழுந்தன் எழுதப் போக, அத்தை பேனாவைப் பிடுங்கி ஒன்பது போட்டார். எழுத்துப் புள்ளி 11, ஒன்பது மடங்கு 99, மேலே ஏழையும் வைத்ததற்கு போனஸ் 50. அந்த 50ஐயும் ஒன்பதால் பெருக்கச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் சண்டை. பெருக்கக் கூடாது, போனஸ் கடைசியில்தான். இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை.

மின்னல்பயல் (ஒத்தக்கடை):
பழைய புத்தகம் அண்ணே, கழித்துக் கூட்டும் கணக்கு பாதி மடங்குக்கு எப்படி? போகிமான் வீடியோ கேமில் ஒரே பிராணிக்கு இரண்டு வகை இருக்கும், அடி ஒரு வகைக்கு இரண்டு மடங்கு, இன்னொன்றுக்குப் பாதி என்றால் பெருக்கினால் ஒன்று, சாதாரண அடி. உங்கள் கணக்கில் ஒன்றரை! தம்பியின் பிராணி கியாரடோஸ், நீர், பறக்கும் இரண்டு வகையும். என் மின்சார அடி நான்கு மடங்கு. ஒரே அடி, கட்டிலில் போனை எறிந்துவிட்டான்.

விதி எழுதுபவன் (அண்ணா நகர்):
நான் எழுதிய சீட்டாட்டத்தில் நான்கு இரட்டிப்புச் சீட்டு ஒன்றாக விழுந்து 16 மடங்கு ஆனது, ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதனால் புதிதாக விதி எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய புத்தகம் சொன்னபடி கூட்டினால் அதே நான்கும் ஐந்து மடங்கில் நிற்கும். சீட்டு கூடக் கூடப் பெருக்கல் கைமீறிவிடும். பாதியாக்கும் சீட்டு இருந்தால் மட்டும் பெருக்கலுக்குப் போங்கள். வரிசையையும் எழுதி வையுங்கள். 30 சேதம், கவசம் 6 குறைக்கும், அப்புறம் பாதி என்றால் 12. முதலில் பாதியாக்கிப் பிறகு குறைத்தால் 9. டி அண்ட் டி 2014 பதிப்பில் கூட்டல் கழித்தல் முடிந்த பிறகுதான் எதிர்ப்புத் திறனால் வரும் பாதி. ஒரே வகைச் சேதத்துக்கு இரண்டு எதிர்ப்பு இருந்தாலும் ஒரு தடவைதான் பாதியாகும். முழு எண்ணாக்குவதையும் கடைசியில் ஒரே தடவை செய்யுங்கள், நடுவில் செய்தால்...

மின்னல்பயல்:
அண்ணே, இங்கே யாரும் விதி எழுதவில்லை. அந்த 16 மடங்கு யாருக்கு விழுந்தது, அதைச் சொல்லுங்கள்.