பல்லிடச் சேமிப்பா, சிதறு பதுக்கலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மாணவர் இதழ் ஒன்றுக்காக நான் மொழிபெயர்க்கும் கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வட அமெரிக்காவின் கிளார்க் நட்கிராக்கரையும் சாம்பல் அணிலையும் அது ஒப்பிடுகிறது. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த பாடும் பறவையான நட்கிராக்கர், நாவின் அடியிலுள்ள பையில் பைன் விதைகளை நிரப்பிச் சென்று, இடத்துக்குச் சிலவாக ஒரே பருவத்தில் பல்லாயிரம் விதைகளைப் புதைத்துவிடுகிறது. அத்தகைய பை இல்லாத அணிலோ, குழிக்கு ஒரு கொட்டையாக வாயில் கவ்விச் சென்று புதைக்கிறது. இருவகைக்கும் பொதுவான, உணவைப் பல இடங்களில் பிரித்து மறைத்துவைக்கும் ‘ஸ்கேட்டர் ஹோர்டிங்’ என்பதைச் ‘சிதறு பதுக்கல்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

திருவான்மியூர் மொழிபெயர்ப்பாளர்

-----

அம்மா,

‘சிதறு’ தன்வினை. கைதவறிய நெல் சிதறும். அடையாளம் பார்த்து, இடம் தேர்ந்து புதைத்து, மாதங்கள் கழித்தும் அங்கேயே வந்து தோண்டியெடுக்கிற பறவையின் செயல் சிதறல் ஆகாது. ‘பதுக்கல்’ என்றாலோ ரேஷன் அரிசி மூட்டைதான் பிள்ளைகளின் நினைவுக்கு வரும். வேரும் இடம் தரவில்லை. புறநானூற்று 3ஆம் பாட்டின் ‘வம்பப் பதுக்கை’, அம்புபட்டு வீழ்ந்த வழிப்போக்கரை மூடிய கற்குவியல். குவியலைச் சுட்டிய சொல், கூம்புகளை ஒரே இடத்தில் குவிக்கும் அமெரிக்கச் செவ்வணிலுக்கு வேண்டுமானால் பொருந்தும். ‘பல்லிடச் சேமிப்பு’, ‘ஓரிடச் சேமிப்பு’ என்ற இணையே தெளிவு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

-----

ஐயா,

இன்று எட்டாம் வகுப்பில் ‘பல்லிடச் சேமிப்பு’ என்று கரும்பலகையில் எழுதினேன். முதல் வரிசை மாணவி எழுந்து, “அணில் பல்லுக்குள்ளே வச்சுக்குமா மிஸ்?” என்று கேட்டாள். ‘பலவிட’ என்று விரித்தால் என்ன?

அறிவியல் ஆசிரியை, தாம்பரம்

-----

‘பல்லுயிர்’ என்பதை எவரும் பல்லோடு குழப்பிக்கொள்வதில்லை, அம்மா. ஒருமுறை விளக்கினால் நிலைத்துவிடும்.

தமிழாசிரியர்

-----

அனைவருக்கும் நன்றி. குழுவில் நால்வர் ஆதரிப்பதால் ‘பல்லிடச் சேமிப்பு’ என்றே அனுப்புகிறேன். பொருளை அடைப்புக்குறிக்குள் ஒருமுறை தருகிறேன். ஆயினும் எனக்கு மனம் நிறையவில்லை. பிற அணில்கள் பார்த்திருக்கையில் சாம்பல் அணில் வெறுங்குழியைத் தோண்டி மூடிப் போக்குக் காட்டும். அந்த மறைப்பு ‘சேமிப்பு’ என்னும் வங்கிச் சொல்லில் இல்லை. நட்கிராக்கர் எடுக்காமல் விட்ட விதைகள் முளைத்தே வெண்பட்டைப் பைன் காடு பரவுகிறது என்பதும் அதில் இல்லை. ‘பல்லிடப் புதைப்பு’ என்பதை அடுத்த பதிப்புக்குள் மீண்டும் பேசுவோம், ஐயா.

மொழிபெயர்ப்பாளர்