தொலைமருத்துவப் பதிவேடு: எங்கே தவறு நுழைகிறது, எப்படித் தடுப்பது

வீடியோ ஆலோசனையில் முதலில் கெடுவது எடைக் கட்டம்தான். கிளினிக்கில் நர்ஸ் பார்த்து எழுதுவார். இங்கே வீட்டில் சொல்வதை அப்படியே தட்டுகிறோம். "இருபத்திரண்டு" என்கிறார் அம்மா. அந்த மெஷின் பவுண்டில் காட்டுகிறதா என்று கேட்காவிட்டால் 10 கிலோ குழந்தை 22 கிலோவாகப் பதிவாகிவிடும். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் 150 மி.கி. எழுத வேண்டிய மருந்துச்சீட்டில் 330 வந்து நிற்கும். மென்பொருளுக்குத் தெரிந்தது 22 மட்டுமே. அதனால் அலகுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். 'கிலோ' முன்கூட்டியே தேர்வாகி நிற்கக் கூடாது, அதை நிரப்பாமல் சேமிக்கவும் விடக் கூடாது. போன தடவை எடுத்த எடையும் தேதியோடு பக்கத்தில் தெரிந்தால் பாதித் தவறு அங்கேயே பிடிபடும்.

—

எடையின் அலகு போலவே, அளவு எடுத்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு வீட்டில் எடுத்த ரத்த அழுத்தம், 11 மணி அழைப்பின்போது பதிந்ததால் 11 மணிக்கு எடுத்ததாக ஆகிவிடுகிறது. மாத்திரைக்கு முன்பா பின்பா என்பதே புரளும். மருத்துவத் தகவலை மென்பொருள்களுக்கிடையே பரிமாற உதவும் ஃபயர் (FHIR) தரநிலையில் அளந்த நேரத்துக்கும் வெளியிட்ட நேரத்துக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. மணி குறித்தால் நேர மண்டலமும் கட்டாயம். "130/80" என்று குறிப்பில் எழுதினால் கிராஃப் வராது. சிஸ்டாலிக்கை (மேல் அளவு) 8480-6, டயஸ்டாலிக்கை (கீழ் அளவு) 8462-4 என்று, மருத்துவ அளவீடுகளுக்கான லாயிங்க் (LOINC) குறியீட்டில் பிரித்துப் போட வேண்டும். 'நோயாளி சொன்னது' என்ற அடையாளமும் கூடவே இருக்கட்டும்.

ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருப்பது 'இல்லை' என்று ஆகாது, 'யாரும் கேட்கவில்லை' என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனித் தேர்வு வேண்டும்.

—

ஒரே போன் நம்பரில் வீட்டிலுள்ள நாலு பேர் இருப்பார்கள். நம்பரை வைத்துத் தேடித் திறந்தால் அப்பாவின் பதிவேட்டில் மகனின் குறிப்பு ஏறிவிடும். முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியின் வாயாலேயே சொல்ல வையுங்கள். நாம் படித்துக் காட்டி "சரிதானே?" என்றால், லைன் சரியாகக் கேட்காவிட்டாலும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும்.

மாறிப் பதிந்துவிட்டால் அழிக்காதீர்கள். 'தவறுதலாகப் பதிந்தது' என்று நிலையை மாற்றிவிட்டு, சரியானவரின் பதிவேட்டில் புதிதாக எழுதுங்கள். அதற்குள் மருந்துச்சீட்டு மருந்தகத்துக்குப் போயிருந்தால், பதிவேட்டில் திருத்தியது அங்கே தானாகப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள். ரத்துச் செய்தி அனுப்பி, போன் போட்டு உறுதிப்படுத்தி, யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினோம் என்பதையும் பதிவேட்டிலேயே எழுதிவையுங்கள்.