டியர்ஸ் ஆஃப் த கிங்டம்: பிரெத் ஆஃப் த வைல்ட் முடித்த கையோடு ஆடினால் அலுக்குமா?

கொரோக்விதை:
செல்டா தொடர்ல பிரெத் ஆஃப் த வைல்ட் ஆட்டத்துல 120 ஷ்ரைனும் (சின்னச் சின்ன சோதனைக் கோயில்கள்) முடிஞ்சது. அடுத்த நாளே அதோட இரண்டாவது பாகமான டியர்ஸ் தொடங்கி, இப்ப தரையில முதல் முகாமான லுக்அவுட் லேண்டிங் வரைக்கும் வந்தாச்சு. மேப் அதே ஹைரூல்தான், ஊர்களும் அதே இடத்துல. நினைச்சப்ப வெடிக்க வைக்கிற ரிமோட் பாம் இல்லை, ஆளை மேலே தூக்குற ரெவாலி கேல் காற்று இல்லை. தீ அம்பு வேணும்னா ஒவ்வொரு அம்புக்கும் மெனுவைத் திறந்து பழம் மாட்டணும். இது பழகுமா, இல்லை கடைசி வரைக்கும் இப்படித்தானா? எந்த வரிசையில போனா பழைய ஆட்டத்தைத் திரும்ப ஆடுற மாதிரி இருக்காது? மாஸ்டர் ஸ்வோர்டுக்கு (கதையோட முக்கிய வாள்) இதுலயும் 13 இதயம் (உயிர் அளவு) வேணுமா? கதையை உடைக்காம சொல்லுங்க.

இசட்ஆர்_விரல்:
அம்பு விஷயம் பழகும், ஆனா முழுசா இனிக்காது. வில்லை இழுத்துப் பிடிச்சு மேல் அம்புக்குறியை அழுத்தினதும் வர்ற பட்டியல்ல ஒய் பட்டனைத் தட்டுங்க. "அதிகம் பயன்படுத்தியவை" வரிசைக்கு மாறிடும். அதுக்கப்புறம் உங்க கை வழக்கமா எடுக்கிற நாலஞ்சு பொருள்தான் முன்னால நிக்கும். மூணு அம்பு விடுற வில்லா இருந்தா ஒரே பாம் ஃப்ளவர் (வெடிப்பூ) மூணு அம்புக்கும் ஏறும், அதனால பெரிய எதிரிக்கு அந்த வில்லை ஒதுக்கி வைங்க. கீஸ்ங்கிற வௌவால் எதிரியோட கண்ணை மாட்டினா அம்பு தானா வளைஞ்சு போய்த் தைக்கும். பறக்கிற எதிரிக்கு பிரெத்ல இப்படி ஒரு வசதியே கிடையாது.

ரிமோட் பாம் போனதுக்குக் காரணம் இருக்கு. அதுல தீராத வெடி கையில இருந்ததால, சுவரை உடைக்க யாரும் யோசிக்கவே இல்லை. இதுல ஏதாவது ஒரு கம்புல பாறாங்கல்லை ஃப்யூஸ் (ஆயுதத்தோட பொருளை ஒட்டுற சக்தி) பண்ணுங்க, சுத்தியல் தயார். குகைச் சுவர், தாதுப்பாறை ரெண்டுக்கும் அது போதும், பாம் ஃப்ளவர் மிச்சம். ரெவாலி கேலுக்குப் பதில் கேடயத்துல ராக்கெட்டை ஃப்யூஸ் பண்ணுங்க. கேடயத்தை உயர்த்தினா ஆளையே செங்குத்தா மேலே தூக்கும். ஒரு தடவையோட ராக்கெட் போயிடும். ராக்கெட் இல்லையா, எரியிற நெருப்புல பைன் காய் ஒண்ணைப் போடுங்க, பாராகிளைடரை விரிக்கிற அளவுக்குக் காற்று மேலெழும்பும்.

ஃப்யூஸ் பண்ணினதைப் பிரிக்கணும்னா மெனுவுல பிரிக்காதீங்க, மாட்டின பொருள் அழிஞ்சிடும். டேரி டவுன்ல பெலிசன்கிட்ட 20 ரூபி (ஆட்டத்துக் காசு) குடுத்தா ரெண்டும் முழுசா கையில வரும். லைனல்ங்கிற பலமான எதிரியோட நல்ல கொம்பை இப்படித்தான் காப்பாத்தணும்.

மழையில்_ஏறாதே:
மேலே சொன்னதெல்லாம் சரி. எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. பிரெத்தின் ருசியே தூரம்தான். ஒரு மலையைப் பார்த்தால் ஸ்டாமினா (ஏறும் தெம்பு) பத்துமா, மழை வருமா, எந்தப் பக்கம் சரிவு குறைவு என்று கணக்குப் போட வேண்டும். டியர்ஸில் அந்தக் கணக்கை நாமே ஒட்டிச் செய்யும் ஹோவர் பைக் என்ற பறக்கும் வண்டி ஒன்றே கொன்றுவிடுகிறது. இரண்டு விசிறி, ஒரு ஸ்டீயரிங் ஸ்டிக், அவ்வளவுதான். முன்னால் ஒரு விசிறி, பின்னால் ஒரு விசிறி, நடுவில் ஸ்டிக். விசிறிகள் நேராக வானத்தைப் பார்க்காமல் முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மூன்றும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். பறந்து பார்த்துத் திருத்துவதைவிட, ஒட்டும் முன் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு ஒட்டுவது மேல். இறக்கை வைத்துச் செய்த விமானத்தை நம்பி நீண்ட தூரம் போகாதீர்கள். சிறிது நேரத்தில் இறக்கை மின்னி மறைந்துவிடும்.

முன்பு செய்ததை உடனே மறுபடி கட்டித் தரும் ஆட்டோபில்ட் சக்தி கிடைத்தபின் இந்த பைக்குக்கு 9 ஜோனைட் தாது போதும். பக்கத்தில் உண்மையான விசிறி கிடந்தால் அதையே எடுத்துக்கொள்ளும், செலவு இன்னும் குறையும். ஆட்டோபில்டுக்கு லுக்அவுட் லேண்டிங்கில் ஜோஷாவின் வேலைகளைத் தொடருங்கள்: முதலில் ராபியோடு கீழே போய்ப் படம் எடுப்பது, திரும்பி வந்து அடுத்ததை வாங்கிக்கொண்டு சிலைகள் பார்க்கும் திசையில் நடப்பது.

அலுக்கக் கூடாது என்றால் தரைக்கு மேலே பைக் ஓட்டுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். டெப்த்ஸ் என்ற நிலத்தடி உலகில் மட்டும் ஓட்டுங்கள். அங்கே அது தேவை.

விளக்குவேர்_120:
டெப்த்ஸ்னு வந்ததால சொல்றேன். அலுக்குமான்னு கேட்டீங்களே, அதுக்குப் பதில் அங்கேதான் இருக்கு. ஹைரூல் அளவுக்கே ஒரு இருட்டு உலகம். மேலே மலை இருந்தா கீழே பள்ளம், மேலே ஆறு ஓடினா கீழே சுவர். மேலே தரையில இருக்கிற ஒவ்வொரு ஷ்ரைனுக்கும் நேர் கீழே ஒரு லைட்ரூட் (வெளிச்சம் தர்ற வேர்), மொத்தம் 120. அதனால கீழே தடுமாறினா மேல் மேப்பைப் பாருங்க, மேலே வழி தெரியலைன்னா கீழ் மேப்பைப் பாருங்க. ஆங்கிலத்துல ஆடுறவங்க பெயர்களைக் கவனிங்க, ஷ்ரைன் பெயரைத் திருப்பிப் போட்டதுதான் லைட்ரூட் பெயர்.

இறங்குறதுக்கு முன்னாடி பாராகிளைடர் கையில இருக்கான்னு பாருங்க. லுக்அவுட் லேண்டிங்ல இருக்கிற பூராவோட முதல் வேலையை முடிச்சாத்தான் குடுப்பாங்க. அதை விட்டுட்டு ஊர் சுத்தக் கிளம்பினா குதிச்ச இடத்துலயே கதை முடியும். பிரைட்ப்ளூம் விதை 20, 30 சேர்த்துக்கங்க, குகைகள்ல நிறையக் கிடைக்கும். கையால எறியிறதைவிட அம்புல மாட்டி விட்டா தூரத்துக்கு வெளிச்சம். குளூம்ங்கிற கருஞ்சிவப்புச் சேறு பட்டா இதயமே உடைஞ்சு குறையும், சாதாரணச் சாப்பாடு அதைச் சரி பண்ணாது. வானத்தீவுகள்ல வர்ற சண்டிலியன் பூவைப் போட்டுச் சமைச்சு வைங்க. லைட்ரூட் பக்கத்துல போனாலும் சரியாகும்.

கிடைக்கிற கிரிஸ்டலைஸ்ட் சார்ஜை எல்லாம் வண்டியை ஓட்டுற பேட்டரியைப் பெருசாக்கப் போடுங்க. 100 குடுத்தா ஒரு பேட்டரியில மூணுல ஒரு பங்குதான் கூடும். முதல் பேட்டரியோட பைக்ல ஏறினா நடுவானத்துல நிக்கும், அதான் பலர் வண்டியையே குறை சொல்றாங்க.

ரிட்டோ_முதலில்:
வரிசை: முதலில் ரிட்டோ ஊர். அங்கே துணைக்கு வரும் டூலின் தரும் காற்று பாராகிளைடரில் முன்னால் தள்ளும், மீதி எல்லா இடத்துக்கும் உதவும். ஒரு குறை. தரையில் பொருள் எடுக்க ஏ அழுத்தும்போது அவன் பக்கத்தில் நின்றால், காற்று அடித்து அந்தப் பொருளையே மலைக்குக் கீழே தள்ளிவிடும்! மற்ற துணைவர்களையும் துரத்திப் போய் ஏ அழுத்த வேண்டும். பிரெத்தில் பட்டனைப் பிடித்தாலே சக்தி வந்தது, இந்த இடத்தில் இரண்டாவது பாகம் பின்வாங்கியதுதான். தேவையில்லாதபோது மெனுவில் முக்கியப் பொருட்கள் பக்கத்தைத் திறந்து அவரவர் சபதத்தை அணைத்து வையுங்கள்.

கோயில்கள் பிரெத்தின் நான்கு யந்திர மிருகங்களைவிட மேல். அவை உள்ளே நான்கும் ஒரே சாயல். இங்கே காற்றுக் கோயிலும் மின்னல் கோயிலும் தனித்தனி ருசி, நீர்க் கோயில் மட்டும் சுமார். ஒவ்வொன்றின் முடிவிலும் வரும் காட்சி ஏறக்குறைய ஒன்றே, இரண்டாவது முறைக்கு மேல் தாண்டிவிடலாம். பழைய நினைவுகளைக் காட்டும் கண்ணீர்த் துளிகளைக் கண்டபடி எடுக்காதீர்கள். பிரெத்தில் நினைவுகள் எந்த வரிசையில் வந்தாலும் பாதகமில்லை. இங்கே பிந்தையது முன்னால் வந்தால் கதையின் பெரிய முடிச்சு அவிழ்ந்துவிடும். இம்பாவின் வேலையைத் தொடர்ந்து ஃபர்காட்டன் டெம்பிள் உள்ளறையில் சரியான வரிசையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மாஸ்டர் ஸ்வோர்டுக்கு இதயம் வேண்டாம், முழுதாக இரண்டு ஸ்டாமினா வளையம் வேண்டும். ஒரு வளையம் கையில் இருக்கிறது. ஒரு ஏற்றம் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கு ஷ்ரைனுக்கு ஒன்றாகக் கிடைக்கும் ஆசி நான்கு வேண்டும். ஆக 20 ஷ்ரைன். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் லுக்அவுட் லேண்டிங் தங்குமிடத்திலிருந்து போகும் சுரங்கத்தில் கொம்புச் சிலை இருக்கிறது. இதயத்தை 100 ரூபிக்கு விற்று ஸ்டாமினாவை 120க்கு வாங்கலாம், பிறகு திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

கொரோக் காட்டுக்குள் தீப்பந்தத்தின் பொறி பறக்கும் திசையைப் பார்த்துப் போன பழைய வழி இப்போது செல்லாது, மேலிருந்து குதித்தாலும் மூடுபனி வெளியே தள்ளும். மின்ஷி வுட்ஸ் பள்ளத்தில் இறங்கி, காட்டுக்கு நேர் கீழே போய் அசெண்ட் (கூரையைத் துளைத்து மேலேறும் சக்தி).

கொரோக்விதை:
சிலை விஷயம் அருமை, நன்றி. பழைய சேவ்ல இருந்து ஏதாவது வருமா? ஃப்ரேம் விழாம (காட்சி திக்காம) இருக்க வழி?

இசட்ஆர்_விரல்:
குதிரை மட்டும் வரும். அதே கணக்குல பிரெத் சேவ் இருக்கணும், முதல் தடவை லாயத்துல பதியும்போது பழைய குதிரைகள் பட்டியல்ல நிக்கும். ஃப்ரேம்: சாதாரண ஸ்விட்ச்ல வினாடிக்கு 30தான், பொருளைத் தூக்கி ஒட்டுற அல்ட்ராஹேண்டை எடுத்தா சில இடத்துல அதுவும் விழும், அமைப்புல மாத்த ஒண்ணும் இல்லை. 2025 ஜூன்ல வந்த ஸ்விட்ச் 2 பதிப்புல 60 ஓடுது. டிஎல்சிக்கு (பிறகு வர்ற கூடுதல் பகுதி) காத்திருக்காதீங்க, பிரெத்துக்கு வந்தது மாதிரி இதுக்கு இல்லைன்னு 2023லயே சொல்லிட்டாங்க.