32 பிட் பில்டை நிறுத்திய பிரிண்ட்கே வரி: காஸ்ட் போடலாமா?

நொய்யல்:
எங்கள் லினக்ஸ் டிரைவரில் மெமரி முகவரியை லாகில் எழுதும் ஒரு பிரிண்ட்கே (கர்னலின் லாக் ஃபங்ஷன்) வரி. மெமரி முகவரிக்கான ஃபிஸ்_ஆடர்_டி வகை மாறியை, 8 பைட் எண்ணுக்கான %எல்எல்எக்ஸ் கொண்டு அச்சிட்டிருந்தோம். 64 பிட்டில் சரி. எல்பிஏஈ (4 ஜிபிக்கு மேலான முகவரிகளுக்கான வசதி) இல்லாத 32 பிட் ஆர்மில் அந்த வகை 4 பைட்டாகிவிடுவதால் வார்னிங் வருகிறது. வார்னிங்கையும் பிழையாக்கும் கான்ஃபிக்_வெர்ரர் ஆனில் இருந்ததால் பில்டே நின்றது. யூ32-க்கு (32 பிட் எண் வகை) காஸ்ட் செய்து, அதாவது வகையை மாற்றி, %எக்ஸ் போட்டேன், ஓடுகிறது. லாக் வரிதானே, இதற்கு மேல் மெனக்கெட வேண்டுமா?

வைப்பாறு:
வேண்டும் தம்பி. எல்பிஏஈ உள்ள கீஸ்டோன் 2 போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராம் தொடங்கும் முகவரி ஹெக்ஸில் 8, அதன்பின் எட்டு சுழியம். யூ32-க்கு வெட்டினால் அந்த 8 போய்விடும், லாகில் 0 விழும். அதைப் பார்ப்பவர் மெமரியே கிடைக்கவில்லை என்று நம்பி ஹார்டுவேரை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயைத் தோண்டத் தொடங்குவார். போர்டு பூட் ஆகாத ராத்திரியில் சீரியல் கன்சோலில் வரும் அந்த வரியை விட்டால் கையில் வேறொன்றும் இருக்காது. அது பொய் சொல்லக் கூடாது. %பிஏ போடுங்கள். மதிப்புக்குப் பதில் மாறியின் முகவரியைக் கொடுத்தால், கான்ஃபிக்குக்கு ஏற்ற அகலத்தைக் கர்னலே பார்த்துக்கொள்ளும்.

செங்காந்தள்:
யூ32 தவறுதான். ஆனால் %பிஏ போடச் சொல்வதை நான் ஏற்கவில்லை அண்ணா. கம்பைலருக்கு அது வெறும் %பி, பாயின்டருக்கான (முகவரிக்கான) பொதுக் குறியீடு. எந்த பாயின்டரைக் கொடுத்தாலும் பேசாமல் இருக்கும். யாராவது கவனக்குறைவாக யூ32 மாறியின் முகவரியைக் கொடுத்தால், எல்பிஏஈ பில்டில் பக்கத்து 4 பைட்டும் சேர்ந்து அச்சாகும். 8 பைட் வகையான அன்சைன்டு லாங் லாங்குக்கு காஸ்ட் செய்து %எல்எல்எக்ஸ் போட்டால் எல்லா பில்டிலும் அகலம் ஒன்றே. கான்ஃபிக்கைப் பொறுத்து அளவு மாறும் வகைகளுக்கு, மிகப்பெரிய வகைக்கு காஸ்ட் செய்யச் சொல்வது கர்னல் ஆவணமேதான்.

வைப்பாறு:
தனிக் குறியீடு இல்லாத வகைகளுக்கான அறிவுரை அது. ஃபிஸ்_ஆடர்_டிக்கு அதே ஆவணம் %பிஏ என்கிறது. காஸ்டும் சரிபார்ப்பைக் கெடுக்கத்தான் செய்யும். நாளை அந்த மாறியை யாராவது பாயின்டராக மாற்றினால், 64 பிட் பில்டில் காஸ்ட் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

செங்காந்தள்:
அப்போதும் 32 பிட் பில்ட் காட்டிக்கொடுக்குமே! %பிஏ-வில் செய்த தவறை எந்த பில்டும் காட்டாது. போதாததற்கு, தொடக்கம் + அளவு - 1 போன்ற கோவையை அதற்குக் கொடுக்க முடியாது. லாகுக்காகவே ஒரு தற்காலிக மாறி வேண்டும்.

நொய்யல்:
எங்கள் வரியில் தொடக்கம், முடிவு இரண்டுமே அச்சாகின்றன. அவ்விரண்டையும் வைத்திருக்கும் ரிசோர்ஸ் ஸ்ட்ரக்சரும் அதே ஃபங்ஷனில் இருக்கிறது.

வைப்பாறு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! %பிஆர் போட்டு அந்த ஸ்ட்ரக்சரின் முகவரியைக் கொடுங்கள். இரண்டு முகவரியும் சேர்ந்தே வரும்.

செங்காந்தள்:
இந்த வரிக்கு எனக்கும் சம்மதம். மற்ற வரிகளில் காஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள் நொய்யல். எதைப் போட்டாலும் 64 பிட், எல்பிஏஈ உள்ள 32 பிட், இல்லாத 32 பிட் என மூன்றையும் பில்ட் செய்துவிட்டு பேட்சை அனுப்புங்கள்.