கார் ஆம்ப் கெயின் அமைக்க 8,000 ரூபாய்க்குள் எந்த ஆசிலாஸ்கோப்?

ஈரோட்டு ஹேட்ச்பேக்:
டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர், 4 ஓமில் 500 வாட் என்று அச்சிட்ட மோனோ ஆம்ப். பொருத்திக் கொடுத்த கடையில் காதால் கேட்டே கெயினைத் (உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் திருகு) திருகினார்கள். ஆறே வாரத்தில் சப்பின் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) கருகிவிட்டது. புது சப் வாங்கியாகிவிட்டது. இம்முறை நானே அளந்து வைக்கப் போகிறேன். அலையின் உருவத்தைத் திரையில் பார்க்க டிஎஸ்ஓ138 என்ற மலிவு ஆசிலாஸ்கோப் கிட் போதுமா, கையடக்க ஸ்கோப் வேண்டுமா?

மீட்டர்போதும்:
எதுவும் வாங்காதீர்கள். வாட்டை ஓமால் பெருக்கினால் 500 × 4 = 2,000. அதன் வர்க்கமூலம் 44.7, அதுதான் 500 வாட்டுக்கான வோல்ட். நாற்பது ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, மல்டிமீட்டர் 44.7 வோல்ட் காட்டும்வரை கெயினைத் திருப்புங்கள். மிச்சப் பணத்தில் கதவுக்கு டேம்பிங் ஷீட் ஒட்டலாம்.

சாலிடர் சாமி:
பெட்டியில் அச்சிட்ட 500 வாட்டை நம்பித்தானே இந்தக் கணக்கு? ஆம்ப் 350-லேயே மூச்சு வாங்கினால்? அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையானாலும் மீட்டர் 44.7 காட்டத்தான் செய்யும். உருவத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. முழுச் சதுரமாகிவிட்ட அலை, அதே உச்சமுள்ள சைன் அலையைவிட இரண்டு மடங்கு சக்தியைக் காயிலுக்குள் தள்ளும். கடையில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

பொறுத்திருந்து பணம் சேர்த்து, ரைகால் டிஎஸ்1054இசட் போன்ற மேசை ஸ்கோப் வாங்குங்கள். நான்கு சேனல், 50 மெகாஹெர்ட்ஸ். ஆயுளுக்கும் உழைக்கும்.

டெசிபல் பித்தன்:
சாமி, அவர் பார்க்கப் போவது 40 ஹெர்ட்ஸ் அலையை! அதற்கு 50 மெகாஹெர்ட்ஸ் எதற்கு? கொசு அடிக்கப் பீரங்கியா? டிஎஸ்ஓ138-இன் 200 கிலோஹெர்ட்ஸே கேட்கும் எல்லையைப் போல் பத்து மடங்கு. தவிர, கார் நிற்கும் இடத்துக்கு மேசை ஸ்கோப்பை எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துத் தூக்கிக்கொண்டு போவாரா?

சாலிடர் சாமி:
டிஎஸ்ஓ138-இன் உள்ளீட்டு வரம்பைப் படித்தீர்களா? உச்சம் 50 வோல்ட். 44.7 வோல்ட் ஆர்எம்எஸ் (மீட்டர் காட்டும் பயனுறு அளவு) என்றால் சைன் அலையின் உச்சம் 63. திரையிலும் அடங்காது, கட்டத்துக்கு 5 வோல்ட்தான் அதன் பெரிய அளவு.

டெசிபல் பித்தன்:
அதற்குத்தான் சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் கொடுக்கும் 10எக்ஸ் புரோப் (அளக்கும் முனை வயர்) இருக்கிறது. கிட்டோடு வரும் முதலைக் கிளிப் வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வாங்குங்கள். திரையில் தெரிவதைப் பத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேசை ஸ்கோப்பின் பெரிய வம்பைச் சாமி சொல்லவே இல்லை. அதன் புரோப்பின் கிரவுண்டு கிளிப் வீட்டு எர்த்தோடு இணைந்தது. பிரிட்ஜ் செய்த (இரண்டு வெளியீடுகள் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும்) ஆம்பில் ஸ்பீக்கரின் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும். டோனை லேப்டாப்பிலிருந்து கொடுத்து, அதன் மூன்று முள் சார்ஜரும் சுவரில் இருந்தால் மைனஸ் முனை எர்த் வழியே சுற்றி வந்து ஷார்ட் ஆகும். புகையோடு பாடம் முடியும்.

சாலிடர் சாமி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரி ஸ்கோப்பும் புனிதமில்லை. அளக்கும்போதே அதை காரின் யூஎஸ்பியில் சார்ஜ் போட்டால் புரோப் கிரவுண்டு சேஸியில் சேர்ந்துவிடும், அதே கதைதான். பெரும்பாலான இரண்டு சேனல் கையடக்கங்களில் இரு கிளிப்பும் உள்ளே ஒன்றே. பல ஆம்புகளில் ஒரு சேனலின் சிக்னல் தலைகீழாக இருக்கும், அப்போது இரண்டு ஸ்பீக்கர்களின் மைனஸிலும் கிளிப்பை மாட்டவே கூடாது.

ஈரோட்டு ஹேட்ச்பேக்:
சண்டையில் எனக்குத்தான் லாபம். பேட்டரியில் ஓடும் ஒற்றைச் சேனல் ஸ்கோப்பும் 10எக்ஸ் புரோப்பும் வாங்கினேன், பட்ஜெட்டில் பாதிகூட ஆகவில்லை. முதலில் ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் போகும் ஆர்சிஏ முனையைப் பார்த்தேன்: ஒலி 40-இல் 36-ஐத் தாண்டினால் அங்கேயே தலை வெட்டுப்படுகிறது! 35-இல் நிறுத்தி ஆம்புக்கு வந்தேன். இஞ்சின் அணைந்து பேட்டரி 12.4 வோல்ட்டில் இருந்தபோது, ஆம்ப் 35 வோல்ட் ஆர்எம்எஸ் வரை சுத்தம். இஞ்சினை ஓடவிட்டால் 39. அதாவது 380 வாட்.

மீட்டர்போதும்:
அந்த 39-ஐ எதில் அளந்தீர்கள்?

ஈரோட்டு ஹேட்ச்பேக்:
மல்டிமீட்டரில்தான்.

மீட்டர்போதும்:
நன்றி.

சாலிடர் சாமி:
39-இல் நிறுத்தச் சொன்னது எது என்று கேளுங்கள்! அது கிடக்கட்டும், சப்பைக் கழற்றிவிட்டா அளந்தீர்கள்?

ஈரோட்டு ஹேட்ச்பேக்:
ஆம். அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து.

சாலிடர் சாமி:
சுமை ஏறினால் ஆம்பின் உள் சப்ளை இறங்கும், 39-க்கு முன்பே வெட்டுப்படும். சப்பை மாட்டி, டோனைச் சில நொடி மட்டும் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு சதவீதச் சிதைவு கண்ணுக்குத் தெரியாது. உச்சி மழுங்குவது போல் தோன்றும் இடத்திலிருந்து கெயினை இன்னும் சற்றுக் குறைத்து வையுங்கள்.

டெசிபல் பித்தன்:
ஞாயிறு பகலில் செய்யுங்கள். பக்கத்து வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் இன்னும் நல்லது.