உப்பூறும் ஊரில் 5 லட்சம்: ஆர்.ஓ. மெஷினா, ஊருணியா?

முதுகுளத்தூரான்
எங்கள் ஊர் முதுகுளத்தூர் பக்கம், 180 வீடு. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்திருக்கிறது, ஆனால் கடைசி ஊர் என்பதால் வாரத்துக்கு ஒரு நாள் சொட்டினாலே பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். போர் போட்டுப் பார்த்தோம், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு) லிட்டருக்கு 4,200 மில்லிகிராம், வாயில் வைக்க முடியாது. வெளிநாட்டுப் பையன்கள் 5 லட்சம் தருகிறார்கள். இளவட்டம் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின் வைக்கலாம் என்கிறது, பெரியவர்கள் மழைத் தண்ணீர் தேங்கும் ஊர்க் குளமான ஊருணியைத் தூர்வாரலாம் என்கிறார்கள். எதைச் செய்ய?

கடலாடி மருமகன்
ஆர்.ஓ. வேண்டாம் தம்பி. மாமனார் ஊரில் வைத்தார்கள், ரெண்டு வருஷம் ஓடியது, உப்பைப் பிரிக்கும் மெம்பிரேன் போனதும் மாற்றக் காசில்லை, இப்போது அந்த ரூமில் ஆடு படுத்திருக்கிறது. தவிர உங்கள் போர் தண்ணீருக்குப் பாதிக்கு மேல் கழிவாகத்தான் வெளியே வரும், அது உள்ளே போனதைவிட உப்பு. அதை எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள்?

கண்மாய்க்கரை
ஊருணிதான், ஆனால் பொக்லைன்காரரை நம்பி விட்டுவிடாதீர்கள், மணிக்கணக்கு வாடகை, தோண்டிக்கொண்டே போவார். அடியில் இருக்கும் களிதான் தண்ணீரைத் தாங்குகிறது, அதைக் கிழித்துவிட்டால் ஒன்று தண்ணீர் கீழே இறங்கிவிடும், இல்லையென்றால் அடி உப்பு மேலே ஊறிவிடும், அப்புறம் சரி பண்ணவே முடியாது. வண்டல் முடிந்து களி தட்டியதும் நிறுத்துங்கள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு 3 குடம், குடம் 15 லிட்டர் என்றால் நாளைக்கு 8,100 லிட்டர், மழையில்லாத எட்டு மாதத்துக்கு இருபது லட்சம் லிட்டர் கிட்ட. ஒரு ஏக்கர் ஊருணியில் அது அரை மீட்டர் தண்ணீர்தான். வெயில் குடிப்பதுதான் ஒரு மீட்டருக்கும் மேல்! அதனால் மழை நின்றபோது ரெண்டு மீட்டராவது நிற்க வேண்டும். அதற்கு மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வரத்துக்கால் திறந்திருக்க வேண்டும், சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள், எல்லாம் ஐப்பசிக்கு முன்னால்.

முதுகுளத்தூரான்
தண்ணீர் நின்றால் அப்படியே மொண்டு குடிக்கலாம்தானே அண்ணே?

செவிலி அக்கா
குடிக்கக் கூடாது தம்பி. ருசியாக இருக்கிறது என்பதற்காகச் சுத்தம் என்று நினைக்காதீர்கள், டிடிஎஸ் மீட்டர் உப்பைக் காட்டும், கிருமியைக் காட்டாது. சுற்றி வேலி போட்டு, ஆடு மாடும் ஆளும் இறங்காமல், மணல் வடிகட்டி வழியாகக் கரையில் ஒரு கிணற்றுக்குக் குழாய் விட்டு அங்கிருந்து கைப்பம்பில் அடியுங்கள். ஹெச்2எஸ் குப்பி என்று ஒன்று இருக்கிறது, தண்ணீரை ஊற்றி ஒரு நாள், ரெண்டு நாள் வைத்துப் பாருங்கள், கறுத்தால் மலக்கிருமி இருக்கக்கூடும். காய்ச்சியாவது குடியுங்கள். தொட்டியில் ஏற்றினால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிக்க வேண்டும்.

முதுகுளத்தூரான்
ரொம்ப நன்றி. களி எத்தனை அடியில் என்று ஓரமாக ஒரு குழி பறித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வரத்துக்காலில்தான் சிக்கல், குறுக்கே ஒருத்தர் மாட்டுக்கொட்டகை கட்டியிருக்கிறார். அவர் என் சித்தப்பா.