போன் இல்லாமல் மூளைக்கு வேலை?

ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்ட லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிறோம். மகனுக்கு 8 வயது. மழை பிடித்தால் போனும் கையுமாகத்தான். யோசிக்க வைக்கிற விளையாட்டு ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: ஆடுபுலி ஆட்டம், தங்கச்சி. தரையில் கரியால் கட்டம் கீறுங்கள்: 23 சந்தி. புலிக்கு 3 தேயிலைக் கொட்டை, ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. புலி தாண்டினால் ஆடு போச்சு. ஆடுகள் வளைத்துவிட்டால் புலி அசையாது. 15 ஆடும் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக்கூடாது. எங்கள் தாத்தா ஆட்டைத்தான் எடுப்பார். யோசனை அதிகம் அதற்குத்தான்.

பதில்: புலி, ஆடு, புல்லுக்கட்டு ஆற்றைக் கடக்கும் கணக்கு கொடுங்கள் அக்கா. படகில் ஆளோடு ஒன்றுதான் ஏறும். ஆள் இல்லாமல் விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். "ஆட்டைத் திருப்பிக் கொண்டுவரலாமா?" என்று கேட்க என் மகளுக்கு 2 நாள் பிடித்தது. அதுவரை வாயைத் திறக்காதீர்கள்!

பதில்: நன்றி. நேற்று 5 ஆட்டம், புலியாக நான் மூன்றில் தோற்றேன். மாமிதான் தரையைப் பார்த்து முறைக்கிறார்.